கைவேலைக் கேள்வி–பதில்: மூடி இறங்காத பூசணிப் பெட்டி

சென்ற இதழில் ஹாலோவீன் மிட்டாய்ப் பெட்டியின் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு, செய்முறையை நாலே வரியில் முடித்திருந்தோம். 9 செ.மீ. சதுரப் பெட்டி, மூடியின் மேல் ஸ்டாம்ப் அடித்து வண்ணம் தீட்டிய பூசணி, ஓரத்தில் வௌவால் வரிசை, அவ்வளவுதான் சொல்லியிருந்தோம். சும்மா விடுவார்களா நம் வாசகர்கள்? மலேசியாவின் பகாவ் பட்டணத்திலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த மாதப் பகுதி முழுக்க அந்தப் பெட்டிக்கே.

கேள்வி: படத்தைப் பார்த்து இரண்டு தடவை செய்துவிட்டேன். முதல் பெட்டிக்கு மூடி இறங்கவே இல்லை. இரண்டாவதற்கு மூடி தொளதொளவென்று ஆடுகிறது. அளவைச் சரியாகக் கொடுங்களேன்.
*– இல்லத்தரசி, பகாவ்*

பெட்டி 9 செ.மீ. என்றதும் மூடியையும் 9 செ.மீ. வைத்திருப்பீர்கள், அம்மா. அது இறங்காத கோபத்தில் அடுத்ததற்கு ஒரு செ.மீ. கூட்டியிருப்பீர்கள். கூட்ட வேண்டியது 3 மி.மீ. மட்டும்.

சதுர மீட்டருக்கு 220 முதல் 250 கிராம் (ஜிஎஸ்எம்) கனமுள்ள ஏ4 அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பெட்டிக்கு 21 × 21 செ.மீ. சதுரம் வெட்ட வேண்டும். ஏ4 தாளின் அகலமே 21 என்பதால் நீளத்தில் மட்டும் ஒரு வெட்டு. சதுரம் கோணாமல் வந்ததா என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. 21 செ.மீ. சதுரத்தின் மூலைவிட்டம் 29.7 செ.மீ.; ஏ4 தாளின் நீளமும் அதுவே. இன்னொரு ஏ4 தாளின் நீளப்பக்கத்தை மூலைக்கு மூலை வைத்துப் பாருங்கள். இரண்டு மூலைவிட்டமும் அதோடு பொருந்தினால் சதுரம் சரி.

நான்கு ஓரத்திலிருந்தும் 6 செ.மீ. உள்ளே தள்ளி மடிப்புக்கோடு போடுங்கள். நடுவில் 9 × 9 அடிப்பாகம், சுற்றிலும் 6 செ.மீ. உயரச் சுவர், மூலைக்கு ஒன்றாக நான்கு சிறு சதுரம். மேல் ஓரத்திலிருந்து இறங்கும் இரண்டு கோட்டிலும், கீழ் ஓரத்திலிருந்து ஏறும் இரண்டு கோட்டிலும் 6 செ.மீ. மட்டும் கத்தரியுங்கள். அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர் போனாலும் பெட்டியின் மூலையில் ஓட்டை விழும். இப்போது மூலைச் சதுரங்கள் இடவலச் சுவர்களோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவைதான் ஒட்டுமடிகள். முழுதாக விட்டால் உள்ளே ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தடிக்கும். 1.5 செ.மீ. அகலம் வைத்து மீதியை நறுக்கி, மேல்முனையையும் கீழ்முனையையும் லேசாகச் சரித்துவிடுங்கள்.

மூடிக்கு 15.3 × 15.3 செ.மீ. சதுரம், மடிப்புக்கோடு 3 செ.மீ. உள்ளே. நடுப்பாகம் 9.3 வரும். அந்த 3 மி.மீ. எங்கே போகிறது? 250 கிராம் அட்டை ஏறக்குறைய 0.3 மி.மீ. கனம். மூடியின் ஒட்டுமடிகள் உட்பக்கமாக உட்கார்ந்து இடத்தைத் தின்கின்றன, மடிப்பு வளைவுகளும் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன. மீதி இருப்பதுதான் மூடி வழுக்கி இறங்க வேண்டிய இடைவெளி.

மூடி இறங்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலோர் சுவர் முழுவதும் அலங்காரத் தாள் ஒட்டிவிடுகிறார்கள். 6 செ.மீ. சுவரில் மேல் 3 செ.மீ. மூடிக்குள் மறைந்துவிடும். மறைகிற இடத்துக்கு எதற்கு அலங்காரம்? கீழே தெரிகிற 3 செ.மீ.க்கு மட்டும் 8.6 × 2.6 செ.மீ. பட்டை ஒட்டுங்கள். சுற்றிலும் 2 மி.மீ. கரை தெரியும், மூடியும் பட்டையின் தலைக்கு மேலேயே நின்றுகொள்ளும்.

பட்டைக்குப் புதுத் தாள் வாங்க வேண்டாம். அடிப்பெட்டி வெட்டியபோது 8.7 × 21 செ.மீ. துண்டு மிச்சம் இருக்குமே, அதில் எட்டுப் பட்டை கிடைக்கும். கறுப்பில் ஒரு பெட்டியும் ஆரஞ்சில் ஒரு பெட்டியும் செய்தால் மிச்சத்தை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். கறுப்புக்கு ஆரஞ்சுப் பட்டை, ஆரஞ்சுக்குக் கறுப்புப் பட்டை.

வரிசையை மறக்காதீர்கள். முதலில் வெட்டு, பிறகு மடிப்புக்கோடு, பிறகு அட்டை தட்டையாக இருக்கும்போதே மூடிச் சுவரில் வௌவால் ஸ்டாம்ப், மை காய்ந்த பிறகு மடிப்பு, கடைசியில் பசை. ஒட்டி முடித்த பெட்டியின் மேல் ஸ்டாம்ப் அடித்தால் சுவர் உள்ளே அமுங்கி, வௌவாலுக்கு ஓர் இறக்கை வராமல் போகும்.

கேள்வி: கறுப்பு அட்டையை மடித்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக வெடிக்கிறது. கடைக்காரர் நல்ல அட்டை என்றுதான் கொடுத்தார்.
*– ஐந்தாம் ஆண்டு மாணவி*

தங்கை, முதலில் அட்டையின் ஓரத்தைக் கொஞ்சம் கிழித்துப் பார். கிழிந்த இடம் வெள்ளையாக இருந்தால் அது மேலே மட்டும் கறுப்பு பூசிய அட்டை. உள்ளே வரை கறுப்பாக இருந்தால் நிறம் ஊறிய அட்டை. இந்தப் பெட்டிக்கு இரண்டாவது வகைதான் வேண்டும். முதல் வகையை ஏற்கெனவே வாங்கிவிட்டாய் என்றால் வீசாதே. மடித்து முடித்ததும் கறுப்பு மார்க்கரின் பக்கவாட்டை மடிப்போரமாக ஓர் இழு இழுத்துவிடு.

மடிப்புக்கோடு போடாமல் மடித்தாலும் வெடிக்கும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா போதும். அட்டைக்கு அடியில் நாளிதழை நாலாக மடித்து வைத்து, அடிக்கோலை ஒட்டி இரண்டு முறை அழுத்தி இழு. அட்டை கிழியக்கூடாது, பள்ளம் மட்டும் விழ வேண்டும். பள்ளம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பெட்டியின் வெளிப்பக்கமாக வரப்போகும் முகத்தில் கோடு போட்டு, பள்ளத்துக்கு எதிர்ப்பக்கமாக மடிக்க வேண்டும். பின்னால் புடைத்திருக்கும் மேடு மடிப்புக்கு உள்ளே போய்விடும், வெளித்தோல் இழுபடாது. புத்தகத்தை மூடுவதுபோல் பள்ளத்துக்குள்ளேயே மடிப்பதுதான் நம் கை வழக்கம். மெல்லிய தாளுக்கு அது ஒன்றும் செய்யாது. 250 கிராம் அட்டையோ காட்டிக்கொடுத்துவிடும்.

மூங்கிலுக்கு இருப்பதுபோல் அட்டைக்கும் நார் ஓட்டம் உண்டு. ஒரு பக்கமாக வளைத்தால் இணங்கும், மறுபக்கமாக வளைத்தால் முரண்டும். சதுரப் பெட்டியில் எப்படியும் இரண்டு மடிப்பு நாருக்குக் குறுக்கேதான் வரும். அந்த இரண்டு கோட்டை மட்டும் மூன்றாம் முறையும் அழுத்து.

கேள்வி: ஆபீசில் இருக்கும் ஊதா இங்க் பேடில் ஸ்டாம்ப் அடித்து, மகளை வாட்டர்கலர் தீட்டச் சொன்னேன். தூரிகை பட்டதுமே பூசணி கத்தரிக்காய் ஆகிவிட்டது.
*– தோட்டக் கிராணி*

ஐயா, ஆபீஸ் இங்க் பேடில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரில் கரையும் சாய மை. ரசீதில் முத்திரை குத்த அது போதும். தண்ணீர் பட்டால் மறுபடி உயிர் பெற்று ஓடும். நாள் கணக்கில் காயவிட்டாலும் இந்தக் குணம் போகாது.

எதை வைத்து வண்ணம் தீட்டப்போகிறோம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் மையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாட்டர்கலர் அல்லது வாட்டர்கலர் பென்சில் என்றால், காய்ந்த பின் தண்ணீரில் கரையாத மை வேண்டும். ‘வெர்சாஃபைன்’ போன்ற நிறமி மைகளும் ‘ஸ்டேஸ்ஆன்’ போன்ற கரைப்பான் மைகளும் அந்த வகை. ஸ்பிரிட் வாடை அடிக்கும் ஆல்கஹால் மார்க்கர் என்றால் கணக்கு தலைகீழ். கரைப்பான் மையை அந்த மார்க்கர் கரைத்துவிடும், கறுப்புக்கோடு ஆரஞ்சுக்குள் புகை மாதிரி பரவும். மார்க்கருக்கு ‘மெமெண்டோ’ போன்ற சாய மை சரிப்படும். ஆனால் அதன் மேல் வாட்டர்கலர் பூசினால் மகள் பார்த்த கத்தரிக்காய் மறுபடி வரும்.

உங்களிடம் இருப்பது ஊதா இங்க் பேட் ஒன்றுதான் என்றால் சாதாரண கலர் பென்சில் கொடுங்கள். தண்ணீரும் இல்லை, ஸ்பிரிட்டும் இல்லை, எந்த மையோடும் அதற்குச் சண்டை கிடையாது. ஹாலோவீனுக்கு ஊதாக் கோடு பொருத்தமும்கூட.

எந்த மையானாலும் முதலில் அதே அட்டையின் வெட்டுத்துண்டில் அடித்து, நம் ஈரக் காற்றுக்கு அரை மணி நேரம் விட்டு, வண்ணத்தை ஓர் ஓரத்தில் தொட்டுப் பாருங்கள். நிறமி மை பளபளப்பான அட்டையில் மறுநாளும் விரலில் ஒட்டும். சொரசொரப்பான அட்டைதான் அதற்கு ஏற்றது.

கேள்வி: ஸ்டாம்ப் வாங்க சிரம்பான் போக வேண்டுமா? இங்கே இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கடையில் ‘குட் ஜாப்’ ஸ்டாம்ப் தவிர வேறு இல்லை.
*– இரண்டு பிள்ளைகளின் தாய்*

போக வேண்டாம். பெரிய வெள்ளை ரப்பர் ஒன்றும் பிளேடு கத்தி ஒன்றும் இருந்தால் வௌவால் ரெடி. பால்மரத்துச் சரக்கு பென்சில் கோட்டை அழிக்கும் என்று ஜோசப் பிரிஸ்ட்லி எழுதி வைத்தது 1770இல். இன்று கடையில் கிடைக்கும் வெள்ளை ரப்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக் வகை. செதுக்குவதற்கு அதுவே மிருது.

3 செ.மீ. அகல வௌவாலை 2பி பென்சிலால் மெல்லிய தாளில் அழுத்தி வரையுங்கள். தாளை ரப்பரின் மேல் குப்புறப் போட்டு, கரண்டியின் முதுகால் தேயுங்கள். படம் இடவலம் மாறி ரப்பரில் பதியும். ஸ்டாம்ப் அடிக்கும்போது இன்னொரு முறை மாறி, நீங்கள் வரைந்தபடியே வரும். எழுத்து செதுக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நேராக ரப்பரிலேயே எழுதினால் அச்சில் இடவலம் மாறித்தான் வரும்.

செதுக்கும்போது கத்தி நுனி படத்தை விட்டு வெளியே சாய வேண்டும். மலைச்சரிவு மாதிரி, மேலே குறுகலும் அடியில் அகலமுமாக இருந்தால் இறக்கை நுனி தாங்கும். படத்துக்கு அடியில் குடைந்துவிட்டால் நாலாவது அடியிலேயே நுனி பிய்ந்து தாளோடு வரும். ஆழம் 2 மி.மீ. போதும். பிள்ளைகள் வரையட்டும், கத்தி உங்கள் கையில் இருக்கட்டும்.

பூசணி மாதிரி நுணுக்கமான படத்துக்கு ரப்பரோடு மல்லுக்கட்ட வேண்டாம். கோட்டோவியமாக வரைந்து போட்டோஸ்டாட் கடையில் கொடுங்கள். 160 கிராம் வெள்ளை அட்டையைக் கையோடு எடுத்துப்போய், பக்கவாட்டுத் தட்டு வழியாக விடச் சொல்லுங்கள். போட்டோஸ்டாட் எந்திரத்தின் டோனர் தண்ணீருக்கு அசையாது, மேலே தாராளமாக வாட்டர்கலர் பூசலாம். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படத்துக்கு இந்த உத்தரவாதம் இல்லை; அதன் மை பெரும்பாலும் ஓடும். 8.3 செ.மீ. சதுரமாக வரைந்தால் ஓர் ஏ4 தாளில் ஆறு படம் அடங்கும்.

தெளிவான பிளாஸ்டிக் ஸ்டாம்ப் யாராவது வாங்கிக் கொடுத்தால், ஒட்டிப் பிடிக்கப் பழைய சிடி பெட்டியின் மூடி போதும். புதிதில் மை முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். அச்சு வார்த்தபோது படிந்த வழவழப்புதான் காரணம். ரப்பரால் மெல்லத் தேய்த்துக் கழுவினால் சரியாகும்.

கேள்வி: ஆரஞ்சு நிறம் முழுக்க அடித்தும் பூசணி பந்து மாதிரிதான் இருக்கிறது.
*– பெயர் போடாத கடிதம்*

முழுக்க ஒரே ஆரஞ்சு அடித்ததால்தான் அப்படி. பூசணியை ஒரு பழமாகப் பார்க்காதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஐந்தாறு உருளைகளாகப் பாருங்கள். ஒவ்வொரு வரிப்புடைப்புக்கும் தனி வெளிச்சம், தனி நிழல்.

மஞ்சள், ஆரஞ்சு, செம்பழுப்பு ஆகிய மூன்று பென்சில் போதும். முதலில் மஞ்சளை முழுப் பூசணிக்கும் லேசாக, பென்சிலைப் படுக்கவைத்துத் தடவுங்கள். வெளிச்சம் மேல் இடப்பக்கத்திலிருந்து வருகிறது என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புடைப்பின் மேல் இடது மூலையிலும் அரிசி அளவு இடத்தை மஞ்சளாகவே விட்டுவிடுங்கள். மீதிக்கு ஆரஞ்சு. பள்ளக்கோட்டை ஒட்டி அழுத்தி ஆரம்பித்து, புடைப்பின் நடுவுக்கு வரவரக் கையைத் தூக்கிவிட வேண்டும். கோடுகள் பூசணியின் வளைவோடு மேலிருந்து கீழே வளைந்து ஓடட்டும். படுக்கைவாட்டில் அடித்தால்தான் பந்தாகிறது. கடைசியில் செம்பழுப்பு, பள்ளங்களிலும் அடிப்பாகத்திலும் வலது ஓரத்திலும் மட்டும். அதன் மேல் மறுபடி ஓர் ஆரஞ்சுப் படலம் ஓட்டினால் மூன்றும் கலந்துவிடும்.

நிழலுக்குக் கறுப்புப் பென்சிலை எடுக்காதீர்கள், பூசணி அழுகியதுபோல் ஆகிவிடும். அதைவிட, பூசணிக்கு வெளியே தரையில் விழும் நிழலை ஊதாவில் போட்டுப் பாருங்கள். ஆரஞ்சு தானாக எடுப்பாகும்.

பென்சில் கோடு தெரியக்கூடாது என்றால் பேபி ஆயிலில் பஞ்சுக்குச்சியைத் தொட்டு, டிஷ்யூவில் நன்றாக ஒற்றிவிட்டுத் தேய்க்கலாம். பென்சிலின் மெழுகு இளகி வண்ணம் ஒன்றாகும். ஆனால் சொட்டு எண்ணெய் அதிகமானாலும் தாளின் பின்பக்கம் வடை மடித்த தாள் மாதிரி ஊறிவிடும், அங்கே டேப்பும் ஒட்டாது.

சிலந்திவலையை வண்ணமாகத் தீட்ட வேண்டியதில்லை. கறுப்பு அட்டையில் வெள்ளை ஜெல் பேனாவால் ஒரு புள்ளி வழியாக மூன்று கோடு இழுத்தால் ஆறு கால் கிடைக்கும். காலுக்குக் கால் இழுக்கும் கோடுகள் நடுப்புள்ளியை நோக்கித் தொய்ய வேண்டும். வெளிப்பக்கமாக வளைந்தால் பூவாகிவிடும்.

கேள்வி: ஈர மையில் ஒட்டிச் சூட்டில் உருகிப் புடைக்கும் எம்பாசிங் பவுடரைத் தூவி ஹேர் டிரையரில் காட்டினேன். பவுடர் பறந்ததுதான் மிச்சம்.
*– கல்லூரி மாணவி*

ஹேர் டிரையரில் காற்று அதிகம், சூடு போதாது. ஹார்ட்வேர் கடையில் விற்கும் ஹீட் கன் வேண்டும். அதையும் முதலில் வேறு பக்கம் திருப்பிச் சூடேற்றி, பிறகு குறைந்த வேகத்தில் ஒரு சாண் தள்ளிக் காட்டுங்கள். பவுடர் உருகிப் பளபளத்ததும் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட வேண்டும். நின்றால் மை தாளுக்குள் இறங்கி மினுக்கம் செத்துவிடும், அட்டையும் சுருண்டுகொள்ளும்.

படத்துக்கு வெளியே மணல் மாதிரி பவுடர் ஒட்டுகிறதா? கைவியர்வையும் காற்றின் ஈரமும்தான். ஸ்டாம்ப் அடிக்குமுன் அட்டையில் சோளமாவைத் துணியால் லேசாக ஒற்றித் துடைத்துவிடுங்கள். எம்பாசிங்குக்கு மெதுவாகக் காயும் நிறமி மைதான் வேண்டும். சாய மை பவுடர் தூவுவதற்குள் காய்ந்துவிடும்.

கேள்வி: பாலர்பள்ளியில் 24 பிள்ளைகள். அவர்களுக்கு ஏற்ற மாதிரி ஏதாவது?
*– ஆசிரியை*

பெட்டியை நீங்களே மடித்து வைத்துவிடுங்கள், டீச்சர். மேல்படத்தை மட்டும் பிள்ளைகளிடம் விடுங்கள். கறுப்பு அட்டைத் துண்டில் வெள்ளைப் போஸ்டர் கலர் தொட்ட கட்டைவிரல் ரேகை ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் பேய். காய்ந்த பின் கறுப்புப் பேனாவால் கண் வைத்தால் போதும். பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கில் ஆரஞ்சு தொட்டால் பூசணி. வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்த பிறகே வண்ணம் தொட வேண்டும், இல்லையென்றால் வழுக்கும்.

கேள்வி: தீபாவளி நேரத்தில் பேய்ப் படம் போட்ட கறுப்புப் பெட்டி வீட்டில் எதற்கு என்று மாமியார் கேட்கிறார்.
*– மருமகள், தோட்டக் குடியிருப்பு*

கேட்பது நியாயம்தான். 2024இல் ஹாலோவீனும் தீபாவளியும் ஒரே நாளில், அக்டோபர் 31இல் வந்தன. வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சு எழுந்திருக்கும். ஹாலோவீன் நவம்பர் 1இல் வரும் கிறிஸ்தவப் புனிதர் திருநாளின் முந்திய இரவு. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களுக்கு அங்கே பூசணி கிடைத்தது. ஆளுக்கொரு விளக்கு என்று அத்தையிடம் சொல்லிப் பாருங்கள்.

சமாதானம் ஆகவில்லையா? பெட்டியைக் கறுப்பில் செய்யாமல் கரும்ஊதாவில் செய்யுங்கள். மூடியின் மேல், படத்துக்கு அடியில், 8.9 செ.மீ. சதுரத் தாங்கு அட்டை ஒன்று ஒட்டுவோம். ஒட்டுவதற்கு முன்னால் அதன் நான்கு மூலையிலும் பழைய போட்டோ ஆல்பத்தில் இருப்பதுபோல் சாய்வான கீறல் போட்டுவிடுங்கள். ஓரம் வரை பசை தடவாமல் நடுவில் மட்டும் தடவி ஒட்ட வேண்டும். 8.3 செ.மீ. படத்தின் மூலைகளை அந்தக் கீறலில் செருகிக்கொள்ளலாம். பூசணியை உருவிவிட்டுக் குத்துவிளக்கு ஸ்டாம்ப் அடித்த படத்தைச் செருகினால் அதே பெட்டி தீபாவளிக்கும் ஆகும். வௌவால் இருக்கும் மூடிச் சுவரை 2.5 செ.மீ. ரிப்பன் சுற்றி மறைத்துவிடலாம்.

கேள்வி: மழை பெய்த மறுநாள் மேல்படம் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. ஏன்?
*– வாசகர், பகாவ்*

வாட்டர்கலர் காயாத தாளை ஒட்டியிருப்பீர்கள், அல்லது வெள்ளைப் பசையைத் தாராளமாகப் பூசியிருப்பீர்கள். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்த தாள் காயும்போது வளையத்தான் செய்யும். வண்ணம் தீட்டிய படத்தை இரண்டு வெள்ளைத்தாளுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு விடுங்கள். பிறகு 6 மி.மீ. இருபக்க டேப்பை நான்கு ஓரமும், நடுவில் பெருக்கல் குறி மாதிரியும் போட்டு ஒட்டுங்கள். ஒட்டுமடிகளுக்கு மட்டும் வெள்ளைப் பசை. அதையும் விரலால் மெல்லிசாக இழுத்து, துணிக்கிளிப் போட்டு 20 நிமிடம் விட வேண்டும்.

கேள்வி: உள்ளே முறுக்கு வைக்கலாமா? எவ்வளவு பிடிக்கும்?
*– அதே வாசகர், பின்குறிப்பில்*

நேராக வைத்தால் ஒரு மணி நேரத்தில் அடிப்பாகம் எண்ணெய் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பேக்கிங் தாளை 19 செ.மீ. சதுரமாக வெட்டி உள்ளே அணைத்து வையுங்கள். தாள் சுற்றிய மிட்டாய் என்றால் ஏறக்குறைய 200 கிராம் பிடிக்கும். தாள் சுற்றாத மிட்டாய் வேண்டவே வேண்டாம். நம் ஊர் எறும்புக்கு மூடி எத்தனை மில்லிமீட்டர் இறுக்கமாக இருந்தாலும் கவலையில்லை.